மேடையில் ஐந்து நிமிடம் போதாது: மலையகப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர்களே, செயலாளர்களே, சங்கத்தின் கணக்குப் புத்தகத்தை ஆண்டுக்கணக்கில் சுமந்து வரும் பொருளாளர்களே,

வணக்கம்.

அடுத்த பரிசளிப்பு விழாவுக்கு இப்போதே விருந்தினர் பட்டியல் தயாராகிக் கொண்டிருக்கும். அதில் ‘வெளிநாட்டில் உயர்கல்வி கற்றுத் திரும்பிய எமது பாடசாலையின் பழைய மாணவர்’ என்று ஒருவர் பெயர் கட்டாயம் இருக்கும். பொன்னாடை போர்த்துவீர்கள். நினைவுச் சின்னம் கொடுப்பீர்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்வீர்கள். அவரும் விடாமுயற்சி, பெற்றோரின் தியாகம், ஆசிரியர்களின் அர்ப்பணிப்பு என்று பேசிவிட்டு இறங்குவார். அடுத்து நடனம் தொடங்கிவிடும்.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்தப் பழைய மாணவரை வகுப்பறைக்கு அழைத்து வாருங்கள். உயர்தர (ஏ.எல்.) வகுப்பு மாணவர்களும் அவர்களுடைய தாய் தகப்பனும் எதிரே உட்கார்ந்திருக்கட்டும். அவர் கரும்பலகையில் எழுதிக் கணக்குச் சொல்லட்டும். மொத்தம் எவ்வளவு செலவானது, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, எந்தப் பத்திரத்தை எந்த அலுவலகத்தில் எடுத்தார், எதற்காகத் திருப்பி அனுப்பினார்கள், போன இடத்தில் யார் வாடகைக்கு அறை தர மறுத்தார், காய்ச்சலில் படுத்தபோது யார் கஞ்சி வைத்துக் கொடுத்தார் என்று ஒன்று விடாமல் சொல்லட்டும்.

இதை ஏன் உங்களிடம் கேட்கிறேன் என்பதற்கு என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதற்பட்டம் முடித்து, இந்திய அரசின் புலமைப்பரிசிலில் தமிழ்நாட்டில் முதுகலை படித்தேன். இப்போது உயர்தர வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பேராதனையில் என்னுடன் ஒரே அறையில் இருந்தவள் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரி. அவளுக்கு இலண்டனில் மாமா, டொரன்டோவில் பெரியம்மா. விண்ணப்பப் படிவத்தைக் கையில் எடுக்கும் முன்னரே, எந்த நகரத்தில் அறை வாடகை குறைவு, எந்தப் பாடத்துக்கு வேலை கிடைக்கும், குளிருக்கு எந்தச் சப்பாத்து வாங்க வேண்டும் என்பது வரை அவளுக்குத் தெரிந்திருந்தது. போரால் சிதறிய சனம், சிதறிய இடங்களில் நின்றுகொண்டே ஒருவருக்கொருவர் கை கொடுத்துத் தூக்கி விடுகிறது. அதைப் பார்த்து நான் மகிழ்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடுகளிலும் வெளிநாடு போனவர்கள் உண்டு. சித்தி குவைத்தில், அத்தை சவூதியில், வீட்டு வேலைக்கு. அவர்கள் அனுப்பிய காசில்தான் எங்களில் பலர் உயர்தரம் வரை வந்தோம். ஆனால் பல்கலைக்கழகம் அனுப்பும் கடிதத்தில் எந்த வரி முக்கியம் என்று அவர்களிடம் கேட்க முடியாது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு மாமா தொலைபேசியில் சொல்லும் விடயத்தை எங்கள் பிள்ளைக்குச் சொல்ல இருப்பது ஒருவர்தான். பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் கண்ணாடிக் கதவு போட்டு உட்கார்ந்திருக்கும் முகவர்.

முகவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். நேர்மையாகச் செய்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள், மாணவரைச் சேர்த்துவிடும் முகவருக்குத் தாங்களே தரகுப் பணம் கொடுக்கின்றன என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? எந்தக் கல்லூரி அதிகத் தரகு கொடுக்கிறதோ அந்தக் கல்லூரியே ‘உங்கள் பிள்ளைக்குப் பொருத்தமான கல்லூரி’ ஆகிவிடுகிறது. தகப்பனிடமும் ஒரு தொகை, கல்லூரியிடமும் ஒரு தொகை.

போன வருடம் ஒரு விழா முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தகப்பன் என்னிடம் வந்தார். ஓய்வு பெற்ற தொழிலாளி. கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் ஒரு கடிதம். கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, மேலே குங்குமம் வைத்திருந்தார்கள். சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்திருக்கிறார்கள்.

“டீச்சர், விசா வந்துவிட்டது என்று கொடுத்தார்கள். மகன் எப்போது போகலாம் என்று இதில் போட்டிருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்.

அது விசா அல்ல. அனுமதிக் கடிதமும் அல்ல. நிபந்தனையுடன் கூடிய அனுமதி. ஆங்கிலத் தேர்வில் இன்ன புள்ளி எடுக்க வேண்டும், முற்பணம் இன்ன திகதிக்குள் கட்ட வேண்டும், அதன் பிறகே இடத்தை உறுதி செய்வோம் என்று அதில் எழுதியிருந்தது. மகன் அந்தத் தேர்வுக்கு இன்னும் உட்காரவே இல்லை. கட்டச் சொன்ன திகதியும் கடந்துவிட்டது. முகவருக்குக் கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வாழ்நாள் முழுக்கத் தோட்டத்தில் உழைத்து, ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த ஈ.பி.எஃப். எனும் ஊழியர் சேமலாப நிதிப் பணத்தில் பாதி.

அந்தக் கடிதத்தை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்ட அதிக நேரம் பிடிக்கவில்லை. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய எங்கள் பிள்ளைகளில் யாரும் அதைச் செய்திருப்பார்கள். அன்றைய விழாவில் அப்படி இருவர் மேடையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் அந்தத் தகப்பனுக்கும் இடையில் இருந்தது பத்துக் கெஜத் தூரம். அந்தத் தூரத்தைக் கடக்க நாம் ஓர் ஏற்பாடும் செய்து வைக்கவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

பணக் கணக்கைப் பேசுவோம். இங்கிலாந்துக்கு மாணவர் விசா கேட்கும் பிள்ளை, முதலாண்டுக் கட்டணத்தில் கட்டாமல் இருக்கும் மிச்சத்தையும், ஒன்பது மாதம் வரையான வாழ்க்கைச் செலவையும் வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாட்கள் வைத்திருந்து காட்ட வேண்டும். 27 நாள் போதாது. நடுவில் ஒரு நாள் தொகை குறைந்தாலும் போதாது. ஜேர்மனியில் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கற்கைக் கட்டணம் வாங்குவதில்லை. ‘ஜேர்மனியில் படிப்பு இலவசம்’ என்று எங்கள் பிள்ளைகள் சொல்லிக்கொள்வது அதைத்தான். ஆனால் ஓராண்டுச் செலவுக்கான பணத்தை முடக்கப்பட்ட கணக்கொன்றில் முன்கூட்டியே போட வேண்டும். 2024 செப்டெம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. எங்கள் பணத்தில் அன்று நாற்பது இலட்சம் ரூபா அளவில் வந்தது. அதே 2024 செப்டெம்பரில்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. நாற்பது இலட்சத்தை 1350 ஆல் வகுத்துப் பாருங்கள். அன்றைய சம்பளத்தில் ஏறக்குறைய மூவாயிரம் நாள் பேர் விழ வேண்டும், அதாவது மூவாயிரம் நாள் வேலை பதிவாக வேண்டும்.

மற்ற ஊர்களில் காணியை ஈடு வைக்கிறார்கள், வீட்டு உறுதியைக் கொண்டுபோய் வங்கியில் வைக்கிறார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு உறுதி ஏது? ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்த குடும்பங்கள் கொஞ்சம். அவர்களிலும் உறுதி இன்னும் கைக்கு வராதவர்கள் இருக்கிறார்கள். ஆகவேதான் ‘கணக்கில் காட்டுவதற்கு மட்டும்’ என்று வட்டிக்குப் பணம் தருபவர்களிடம் போய் விழுகிறோம். வங்கிக் கடிதத்தையே போலியாகச் செய்து தருகிறேன் என்பவர்களும் உண்டு. விண்ணப்பத்தில் ஏமாற்று இருந்தது என்று கண்டுபிடித்தால் இங்கிலாந்து பத்தாண்டுகளுக்குக் கதவை மூடிவிடும். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குப் பத்தாண்டு என்றால் படிக்கிற வயது முழுவதும் போய்விடும். இதை முகவர் சொல்ல மாட்டார். போய் வந்தவர் சொல்ல வேண்டும்.

அடுத்தது பத்திரங்கள். கொழும்பிலோ கண்டியிலோ பிறந்த பிள்ளைக்கு இது இவ்வளவு பெரிய வேலையாக இருக்காது. எங்களுக்கு முகவரியே சிக்கல். லயத்துக்குத் தெருப் பெயரும் கிடையாது, வீட்டு இலக்கமும் கிடையாது. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கே கிடந்து, யாரோ ஒருவர் கையில் தோட்டப் பிரிவான டிவிஷனுக்கு வரும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் வந்த கதை எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. வதிவிடத்துக்கு மின்சாரப் பட்டியல் கேட்பார்கள். அது அப்பா பெயரில் இருக்காது. பிறகு அப்பாவின் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, ஈ.பி.எஃப். அட்டையில் மூன்றாவது மாதிரி. சிங்களத்தில் எழுதியதை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது நான்காவது பிறந்துவிடும். இவை எல்லாம் ஒரே மனிதர் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் வேண்டும், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அனுமதி கிடைத்த பிறகு இவற்றைத் தொடங்கினால் காலம் போதாது. சாதாரண தரம் (ஓ.எல்.) முடிந்த கையோடு தொடங்க வேண்டிய வேலை இது. ஓர் அண்ணனோ அக்காவோ இதைச் செய்து முடித்த வரிசையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், பின்னால் வரும் நூறு பிள்ளைகளின் அலைச்சல் குறையும்.

இனி, எனக்கு ஒரு வகுப்பறை கிடைத்தால் நான் என்ன சொல்வேன் என்பதைச் சொல்கிறேன். இந்தியாவில் படிப்பதற்குக் கோடி ரூபா தேவையில்லை. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென 1947 இல் தொடங்கிய கல்வி நிதியம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு அப்பால், முதற்பட்டத்துக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசிலும் முதுகலைக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசிலும் இலங்கை மாணவர்களுக்கு இருக்கின்றன என்பது எங்கள் உயர்தர வகுப்புகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. கண்டியில் இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது. கேட்டு வருவதற்குக் கொழும்பு வரைக்கும் போகத் தேவையில்லை.

சொல்ல விரும்பாததையும் சொல்வேன். ‘தமிழ்நாடுதானே, நம் சனம்தானே’ என்று நினைத்துக்கொண்டு போகக் கூடாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் போகிறவர், போய்ச் சேர்ந்து 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்த விசாவில் வேலை செய்ய முடியாது. நான் விடுதியில் சேரப் போன நாளில் அலுவலகத்தில் இருந்தவர் என் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு “எந்த முகாம்?” என்று கேட்டார். முகாமில் இல்லை, படிக்க வந்திருக்கிறேன் என்றேன். “சிலோன் தமிழர் என்றால் முகாம் கடிதம் வேண்டும்” என்று படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டார். பக்கத்து மேசையில் இருந்த அம்மா ஒருவர்தான் புலமைப்பரிசில் கடிதத்தை வாங்கி வாசித்து, அவருக்கு விளக்கிச் சொல்லி என்னைச் சேர்த்துவிட்டார். வெளியே அறை தேடியபோதும் கடவுச்சீட்டைப் பார்த்ததும் வாடகை வீட்டுக்காரர்கள் பின்வாங்கினார்கள். போருக்குப் பயந்து வந்த ஈழத்து அகதிகளைத் தவிர இலங்கையிலிருந்து வேறு தமிழரும் வரக்கூடும் என்று அங்கே பலர் எண்ணிப் பார்த்ததே இல்லை. முதல் மாதத்தில் அது வலிக்கும். ஒருவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் அவ்வளவு வலிக்காது.

இன்னொன்றையும் சொல்வேன். முதலாண்டு விடுமுறையில் தோழிகளோடு நீலகிரிக்குப் போனேன். கோத்தகிரிக்கு அப்பால் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் மலைகள். 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியா ஏற்பது என்று எழுதினார்கள் அல்லவா? அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்க உண்டாக்கிய தோட்டங்கள் அவை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அதே லயம், அதே தகரக் கூரை, வாசலில் அதே பீலித் தண்ணீர். திண்ணையில் உட்கார்ந்து கொழுந்துச் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி என் பேச்சைக் கேட்டதும் ஊசியை நிறுத்தினார்.

“எந்தத் தோட்டம், தாயி?” என்று கேட்டார்.

சொன்னேன். அவர் பொகவந்தலாவையில் பிறந்தவர். தலைமன்னாரில் ஏறிய ராமானுஜம் கப்பல், மண்டபம் முகாம், ஊர் ஊராகக் கல்லுடைத்த காலம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டையைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். பதினான்கு வயதுப் பிள்ளையாக அதில் அவர் பெயர் இருந்தது. தங்கச்சி பொகவந்தலாவையிலேயே தங்கிவிட்டாராம். ஒரே வீட்டில் ஒருத்திக்கு இந்தியப் பிரஜாவுரிமை, இன்னொருத்திக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. தங்கச்சியின் தோட்டத்துப் பெயரை என் குறிப்புப் புத்தகத்தில் எழுதச் சொன்னார். திரும்பி வந்து விசாரித்துக் கண்டுபிடித்தேன். இரண்டு வீட்டுப் பேரப்பிள்ளைகளும் இப்போது வட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறார்கள். என் முதுகலைச் சான்றிதழில் இது எழுதப்படவில்லை. ஆனால் நான் வெளிநாட்டில் படித்த எதைக் காட்டிலும் அந்தத் திண்ணையில் படித்ததுதான் என் பாடம் சொல்லும் விதத்தை மாற்றியது. எங்கள் வரலாற்றை இப்போது நான் வகுப்பில் அந்தக் குடும்ப அட்டையிலிருந்துதான் தொடங்குகிறேன். இப்படி ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கும். ஐந்து நிமிடப் பேச்சில் அது வெளியே வராது.

நாடு திரும்பாமல் இன்னும் அங்கேயே இருப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். என்னிடம் படித்த ஒரு பையன் இங்கிலாந்தில் இருக்கிறான். தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணிநேரம்தான் வேலை செய்ய அனுமதி. ‘வேலை செய்தே கட்டணத்தைக் கட்டிவிடலாம்’ என்று முகவர் சொன்ன கணக்குக்கு அந்த 20 மணிநேரம் எந்த மூலைக்கும் காணாது. இரவில் களஞ்சியத்தில் பெட்டி தூக்குகிறான்; காலையில் விரிவுரைக்குப் போகிறான். அம்மாவிடம் வீடியோவில் பேசும்போது கழுவிய முகமும் நல்ல சட்டையுமாக உட்காருகிறான். அம்மா அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து லயத்துக்குச் சொல்கிறார். பக்கத்து லயத்துப் பிள்ளை அதை நம்பி முகவரிடம் போகிறது. அந்தப் பையன் திறன்பேசி வழியாக ஒரு மணிநேரம் எங்கள் வகுப்பறைச் சுவரில் தோன்றி உள்ளதைச் சொல்வதற்குச் சம்மதித்திருக்கிறான். சங்கம் கேட்டால் இன்னும் பலர் சம்மதிப்பார்கள்.

படிப்பை முடிக்காமல் திரும்பியவர்கள் இன்னும் முக்கியமானவர்கள். விசா மறுக்கப்பட்டவர், பணம் போதாமல் பாதியில் வந்தவர், போய்ச் சேர்ந்த கல்லூரியின் பட்டத்தை இங்கே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்காது என்று பிறகு அறிந்தவர், வெளிநாட்டில் மருத்துவம் முடித்து வந்தும் மருத்துவ சபையின் தகைமைப் பரீட்சைக்காகக் காத்திருப்பவர் என்று எங்களிடையே எத்தனையோ பேர். இவர்களில் ஒருவரையாவது எந்தச் சங்கமாவது விழாவுக்கு அழைத்ததுண்டா? ஊருக்குள் வந்தால் கோயில் திருவிழாவுக்குக்கூட வெளியே வராமல் இருக்கிறார்கள். அவர்கள் இழந்த பணத்துக்குப் பயனாக ஒரு பாடம் அவர்களிடம் மட்டுமே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது அவர்களுக்கும் மரியாதை, பின்னால் வருகிறவர்களுக்கும் பாதுகாப்பு.

இந்த யோசனையைச் சொன்னபோது ஒரு சங்கத்தின் மூத்தவர், “இதையெல்லாம் சொன்னால் பிள்ளைகள் பயந்து ஆசையே விட்டுவிடும்” என்றார். அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு ஆசை ஊட்டுவதே ஒரு காலத்தில் பெரும் வேலையாக இருந்தது. இன்று ஆசை நிறைய இருக்கிறது. 2022 இல் ரூபா விழுந்து நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்ற பிறகு, ‘எங்கேயாவது போய்விட வேண்டும்’ என்று சொல்லாத உயர்தர வகுப்பே இல்லை. கணக்குத் தெரிந்து போகிறவன் போவான், போய் நிற்பான். கணக்குத் தெரிந்து இங்கே பேராதனையிலோ பதுளையில் ஊவா வெல்லச பல்கலைக்கழகத்திலோ சேர்கிறவனும் ஈ.பி.எஃப். பணத்தைக் காப்பாற்றித் தன் தகப்பனை நிம்மதியாகத் தூங்க விடுவான்.

பெண்பிள்ளைகளுக்காகத் தனியே ஒரு வார்த்தை. தனியாக அனுப்ப மாட்டோம் என்று சொல்லும் தாய்மாரிடம் பேச, போய் வந்த பெண்களை அனுப்புங்கள். விடுதி எப்படி இருக்கும், இரவில் நூலகத்திலிருந்து எப்படித் திரும்புவது, மாதவிடாய்க் காலத்தில் அந்நிய ஊரில் யாரிடம் கேட்பது என்பதையெல்லாம் ஒலிவாங்கியில் பேச முடியாது. பாயை விரித்து உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

பாடசாலை நூலகத்தில் ஒரு கோப்பும் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அனுமதிக் கடிதம், நிபந்தனை அனுமதி, விசா மறுப்புக் கடிதம், சத்தியக் கடதாசி, செலவுப் பட்டியல் எல்லாவற்றிலும் ஒவ்வொரு பிரதி, பெயர்களை மறைத்து, பக்கத்தில் தமிழ் விளக்கத்தோடு. எங்கள் பாடசாலையில் நான் தொடங்கிவிட்டேன். அந்த மஸ்கெலியாத் தகப்பன் தன் கடிதத்தைப் பிரதியெடுக்கச் சம்மதித்தார். கோப்பின் முதல் தாள் அதுதான். உங்கள் பாடசாலைக்கும் ஒரு தொகுதி வேண்டுமென்றால் அனுப்பி வைக்கிறேன். பிரதியெடுக்கும் செலவை மட்டும் சங்கம் ஏற்றுக்கொள்ளட்டும்.

நாள் குறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கொழுந்து நிறைய விளையும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குப் பறிக்கப் போவார்கள். தாய்மார் வர மாட்டார்கள். பௌர்ணமி விடுமுறையான போயா நாளாகப் பாருங்கள். காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் பகல் பன்னிரண்டுக்கு முடித்துவிடலாம்; மேல் டிவிஷன்காரர்கள் மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
உயர்தர ஆசிரியை ஒருவர்,
ஹட்டன்.